தூங்குமூஞ்சி என்று பெயர் வைக்கும் முன்...

வீட்டுக்கு ஒருவருக்காவது அந்தப் பட்டப்பெயர் இருக்கும். சீரியல் தொடங்கிய ஐந்தாவது நிமிடமே சோபாவில் சாய்ந்துவிடும் அப்பா, கோயில் பிரசங்கத்தில் தூணோரம் தலையாட்டும் பாட்டி, கடைசி பெஞ்சில் புத்தகத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டு தூங்கும் பையன், இறங்கவேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்க் கண் விழிக்கும் அக்கா. ‘தூங்குமூஞ்சி’, ‘கும்பகர்ணன்’, ‘சோம்பேறி’ என்று ஏதோ ஒன்றைச் சொல்லிச் சிரித்துவிட்டு, வீடு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடும்.

சிக்கல் அந்தச் சிரிப்பில்தான் இருக்கிறது. பெயர் வைத்தாகிவிட்டது என்றால் அதற்குப் பிறகு யாரும் காரணம் தேடுவதில்லை. தூங்கி வழிபவரும், ‘என் உடம்பு வாகே இப்படித்தான்’ என்று நம்பத் தொடங்கிவிடுவார். ஆனால், பகலில் அளவுக்கு மீறி வரும் தூக்கம் ஒருவருடைய குணம் அல்ல. காய்ச்சலைப் போல அதுவும் ஓர் அறிகுறி. காய்ச்சல் வந்தவரை யாரும் திட்டுவதில்லை. ஏன் வந்தது என்றுதான் பார்ப்பார்கள். தூக்கத்துக்கும் அதே நியாயம் வேண்டும்.

தூக்கமா, சோர்வா?

‘ஒரே அசதியா இருக்கு’ என்று சொல்லும்போது இரண்டு வேறு விஷயங்கள் கலந்துவிடுகின்றன. ஒன்று தூக்கம், இன்னொன்று சோர்வு. சோர்வு உள்ளவருக்குக் கை, கால் ஓயும், படுக்கத் தோன்றும். ஆனால், படுத்தால் கண் மூடாது. தூக்கம் உள்ளவர் அப்படியல்ல. உட்கார்ந்தாலே போதும், இமை தானாக இறங்கிவிடும். நடந்துகொண்டும் வேலை செய்துகொண்டும் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது; அசைவு நின்றதும் தூக்கம் வந்து அமுக்கும்.

இந்த வித்தியாசத்தைச் சரியாகச் சொன்னால் டாக்டரின் வேலை பாதி குறையும். ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, சர்க்கரை, மனச்சோர்வு போன்றவை பெரும்பாலும் சோர்வாகத்தான் வெளிப்படும். கண்ணைத் திறந்துவைக்கவே முடியாத தூக்கம் என்றால் முதலில் விசாரிக்கவேண்டியது இரவைப் பற்றித்தான். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

உண்ட மயக்கம் யாருக்கும் உண்டு

மதியம் 2 மணியிலிருந்து 4 மணிக்குள் லேசாகக் கண் சொக்குவது நோய் அல்ல. ‘உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு’ என்பது பழமொழி. ஆனால், பழியை முழுக்கச் சாப்பாட்டின் மீது போட முடியாது. மதியம் சாப்பிடாமல் இருந்தாலும் அந்த நேரத்தில் விழிப்பு கொஞ்சம் சரியும். வயிறு புடைக்கச் சாதம் சாப்பிட்டால் அந்தச் சரிவு இன்னும் ஆழமாகும், அவ்வளவுதான்.

காரணம் மூளைக்குள் இருக்கிறது. காலையில் விழித்ததிலிருந்து மூளையில் அடினோசின் என்ற பொருள் சிறிது சிறிதாகச் சேர்ந்துகொண்டே போகும். சேரச் சேரத் தூக்கத்தின் அழுத்தம் கூடும். இரவில் நன்றாகத் தூங்கினால் அது வடிந்துவிடும். இதோடு, வெளிச்சத்தைப் பார்த்து ஓடும் உடல் கடிகாரம் ஒன்றும் மூளையில் உண்டு. பகலில் அது ‘விழித்திரு’ என்று தட்டிக்கொண்டே இருக்கும். பிற்பகலில் அந்தத் தட்டல் கொஞ்சம் தளரும். மாலையில் மறுபடி வலுக்கும். அதனால்தான் 3 மணிக்குச் சொக்கியவர் 6 மணிக்குத் தெளிவாக இருக்கிறார்.

காபியும் டீயும் இந்த அடினோசினைக் குறைப்பதில்லை. அது போய் உட்காரவேண்டிய இடத்தில் காஃபின் உட்கார்ந்து மறைத்துக்கொள்கிறது. காஃபின் விலகியதும் காத்திருந்த தூக்கம் மொத்தமாக வந்து சேரும். கடனை அடைக்காமல், கடன்காரரை வாசலில் நிறுத்திவைப்பதைப் போலத்தான் இது.

எட்டுக் கேள்விகள்

எவ்வளவு தூக்கம் இயல்பு, எவ்வளவு அதிகம்? இதை அளக்க ஓர் எளிய முறை இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் எப்வொர்த் மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் மர்ரே ஜான்ஸ் 1991-ல் வெளியிட்ட கேள்வித்தாள் அது. இன்றும் உலகம் முழுவதும் தூக்க மருத்துவர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். சமீப நாள்களை மனதில் வைத்து, கீழ்க்கண்ட எட்டுச் சூழல்களில் கண் அயர்ந்துவிட எவ்வளவு வாய்ப்பு என்று மதிப்பெண் போடவேண்டும். வாய்ப்பே இல்லை என்றால் 0, கொஞ்சம் என்றால் 1, ஓரளவு என்றால் 2, நிச்சயம் தூங்கிவிடுவேன் என்றால் 3.

1. உட்கார்ந்து படிக்கும்போது
2. டி.வி பார்க்கும்போது
3. தியேட்டர், கூட்டம் போன்ற பொது இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது
4. காரில் ஒரு மணி நேரம் இடைவிடாமல் பயணியாகப் போகும்போது
5. மதியம் ஓய்வாகப் படுக்கும்போது
6. ஒருவரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது
7. மது அருந்தாமல், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது
8. சிக்னலிலோ நெரிசலிலோ கார் சில நிமிடங்கள் நிற்கும்போது

மொத்தம் 24. கூட்டினால் 10-க்குள் வந்தால் இயல்பு. 11-ம் அதற்கு மேலும் என்றால் கவனிக்கவேண்டிய தூக்கம். இது நோயின் பெயரைச் சொல்லிவிடாது. டாக்டரைப் பார்க்கலாமா, வேண்டாமா என்பதைச் சொல்லும். ஐந்தாவது கேள்விக்கு யாரும் 3 போடலாம். ஆறாவதற்கும் எட்டாவதற்கும் 2, 3 என்று போட்டால் அது சாதாரணமல்ல.

முதல் சந்தேகம்: தூக்கக் கடன்

பகல் தூக்கத்துக்கு மிகச் சாதாரணமான காரணம், இரவில் போதுமான அளவு தூங்காததுதான். பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது வேண்டும். 13 முதல் 18 வயதுவரை உள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும்.

ஒரு சாதாரண வீட்டின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இரவுச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, மறுநாள் இட்லிக்கு மாவைக் கரைத்துவைத்து, யூனிஃபார்மை எடுத்துவைத்துவிட்டு அம்மா படுக்கும்போது மணி பதினொன்றரை. அதற்குப் பிறகுதான் அவருக்கென்று கிடைக்கும் நேரம். செல்போனை அரை மணி நேரம் பார்ப்பார். காலை 4.45-க்குத் தண்ணீர் வரும். 5 மணிக்கு அடுப்பு. மூன்று டிபன் பாக்ஸ், மூன்று விதமான சாப்பாடு. ஆக, தூங்கியது நான்கே முக்கால் மணி நேரம். இப்படியே வாரத்தின் ஆறு நாளும் போனால், மதியம் துணி மடித்துக்கொண்டே அவர் சாய்வதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? இவருக்கு மாத்திரை தேவையில்லை. மாவைக் கரைத்து வைக்கவும், தண்ணீர் பிடிக்கவும் இன்னொரு கை தேவை.

‘எனக்கு ஆறு மணி நேரம் போதும், பழகிடுச்சு’ என்பவர்கள் கவனிக்கவேண்டிய ஆய்வு ஒன்று 2003-ல் வெளியானது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், ஆரோக்கியமானவர்களைத் தொடர்ந்து 14 நாள்கள் இரவில் 6 மணி நேரம் மட்டும் தூங்கவைத்தார்கள். இரண்டு வார முடிவில் அவர்களுடைய கவனமும் வேகமும், முழு இரவு தூங்காதவர்களின் அளவுக்குக் குறைந்துபோயிருந்தன. ஆனால், தங்களுக்கு அவ்வளவு தூக்கக் குறைவு இருப்பதாக அவர்கள் உணரவே இல்லை. பழகுவது உடம்பு அல்ல. குறைவாகத் தூங்குகிறோம் என்கிற உணர்வு மழுங்கிப்போவதைத்தான் பழகிவிட்டதாக நினைக்கிறார்கள்.

பதின்வயதுப் பிள்ளைகளின் கதை வேறு. அந்த வயதில் உடல் கடிகாரமே தாமதமாக ஓடத் தொடங்குகிறது. 9 மணிக்குப் படுக்கச் சொன்னாலும் 11 மணிவரை தூக்கம் வராது. காலை 5.30 டியூஷனுக்கு எழுப்பினால், பிள்ளை இழப்பது தூக்கத்தின் கடைசிப் பகுதியை. படித்தது மனதில் படிய உதவும் கனவுத் தூக்கம் அதிகம் வருவது அப்போதுதான். படிப்பதற்காக எழுப்பி, படித்ததைப் பறிப்பது யாருக்கும் லாபமில்லை.

எட்டு மணி நேரம் தூங்கியும் போதவில்லையா?

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். கிளினிக்கில் இப்படியொரு உரையாடல் அடிக்கடி நடக்கும்.

“ராத்திரி தூக்கமெல்லாம் எப்படி?”

“அதுல ஒரு குறையும் இல்ல டாக்டர். படுத்தா அடுத்த நிமிஷம் தூங்கிடுவேன். பத்து மணிக்குப் படுத்தா ஆறு மணிக்குத்தான் எந்திரிப்பேன்.”

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவி அப்போதுதான் வாய் திறப்பார். “டாக்டர், இவரு விடுற குறட்டையில பக்கத்து ரூம்ல புள்ளைங்க தூங்க முடியல. அதுகூடப் பரவாயில்ல. நடுவுல திடீர்னு சத்தம் நின்னுடுது. மூச்சே வரமாட்டேங்குது. நான் பயந்துபோய்த் தட்டுவேன். அப்புறம் ‘ஹக்’குனு மூச்சு வாங்கிட்டு மறுபடியும் தூங்கிடுவாரு. கேட்டா, ‘நான் எப்ப முழிச்சேன்?’ங்கறாரு.”

நோயாளிக்குத் தெரியாத நோயை மனைவி கண்டுபிடித்துவிட்டார். இதன் பெயர் ஸ்லீப் ஆப்னியா. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்றுப் பாதை அடைபடுகிறது. பத்து நொடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். ஆபத்தை உணர்ந்த மூளை ஒரு கணம் விழித்து, பாதையைத் திறந்துவிடும். அந்த விழிப்பு காலையில் நினைவிருக்காது. மணிக்கு முப்பது முறை இப்படி நடந்தால், எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் ஆழ்ந்த தூக்கம் துண்டு துண்டாகிவிடும். அதற்கான வட்டியைத்தான் மறுநாள் ஆபீஸ் மேசையில் கட்டுகிறார்.

தூக்கம் மட்டும் என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சிகிச்சை இல்லாத ஆப்னியா ரத்த அழுத்தத்தை ஏற்றும். இதயத் துடிப்புக் கோளாறு, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றோடும் அதற்குத் தொடர்பு உண்டு. மூன்று மாத்திரை போட்டும் பி.பி இறங்கவில்லை என்றால், குறட்டையைப் பற்றி விசாரிப்பது நல்லது. உடல் பருமனும் தடித்த கழுத்தும் வாய்ப்பைக் கூட்டும். ஆனால், ஒல்லியானவர்களுக்கும் வரலாம்; தாடை சிறியதாக உள்ளவர்களுக்கும், டான்சில் பெரிதாக உள்ளவர்களுக்கும் வரலாம்.

பெண்களுக்கு இது எளிதில் தப்பிவிடுகிறது. மெனோபாஸுக்குப் பிறகு வாய்ப்பு கூடினாலும், பல பெண்களுக்குப் பெரிய குறட்டை இருக்காது. காலைத் தலைவலி, அசதி, நடு இரவில் விழிப்பு, எரிச்சல் என்று வேறு வேடத்தில் வரும். ‘வயசாகுது, அப்படித்தான்’ என்று முடித்துவிடுவார்கள். குழந்தைகளிடமும் இன்னொரு வேடம். வாயைத் திறந்து தூங்கும், குறட்டை விடும் குழந்தை பகலில் தூங்கி வழிவதற்குப் பதில் ஓரிடத்தில் நிற்காமல் துறுதுறுவென்று அலையலாம். டான்சில், அடினாய்டு வீக்கத்தை காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்துச் சொல்வார்.

ஒரே இரவில் செய்யும் தூக்கப் பரிசோதனையில் இதைக் கண்டுபிடிக்கலாம். சிலருக்கு வீட்டிலேயே கருவி பொருத்தியும் பார்க்கிறார்கள். மணிக்கு 5 முதல் 15 தடவைவரை மூச்சு நின்றாலோ குறைந்தாலோ லேசானது. 15 முதல் 30 நடுத்தரம். 30-க்கு மேல் தீவிரம். முக்கியமான சிகிச்சை சிபாப் இயந்திரம். முகமூடி வழியாகச் சற்றே அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தி, தொண்டை மூடாமல் தாங்கிப் பிடிக்கும். ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் குழு 1981-ல் இதை அறிமுகப்படுத்தியது. முதல் சில நாள்கள் உறுத்தும். சரியான அளவில் முகமூடி அமைந்தால் பழகிவிடும். எடையைக் குறைப்பது, மதுவை விடுவது, ஒருக்களித்துப் படுப்பது எல்லோருக்கும் உதவும். லேசான பாதிப்பு உள்ள சிலருக்கு, பல் மருத்துவர் செய்துதரும் வாய்க்கருவியே போதுமாகலாம்.

இரும்பு, தைராய்டு, மாத்திரை

இரவு படுத்ததும் காலுக்குள் ஏதோ ஊர்வது போல, குடைவது போல இருக்கிறது. அசைத்தால், எழுந்து நடந்தால் குறைகிறது என்று சிலர் சொல்வார்கள். பிள்ளைகளைக் கால் அமுக்கச் சொல்வார்கள். இது வெறும் கால்வலி அல்லாமல் ‘ஓயாத கால்கள்’ என்ற பிரச்னையாக இருக்கலாம். இரும்புச்சத்துக் குறைவு இதற்கு ஒரு முக்கியமான காரணம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் உடலின் இரும்புச் சேமிப்பு குறைந்திருக்கலாம். அதனால் ஃபெரிட்டின் அளவையும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். சாப்பிட்டவுடன் டீ குடிக்கும் பழக்கம் இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

சளிக்கும் அரிப்புக்கும் போடும் செட்ரிசின், குளோர்ஃபெனிரமின் போன்றவை, நரம்பு வலிக்கான பிரீகாபலின், சில மனநல மருந்துகள் ஆகியவையும் பகலில் தூக்கம் தரும். அதற்காகத் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. நேரத்தை மாற்றியோ, வேறு மருந்து கொடுத்தோ டாக்டரால் சரிசெய்ய முடியும். சர்க்கரை கட்டுப்படாமல் இரவில் நான்கைந்து முறை சிறுநீர் கழிக்க எழுவதும் மறுநாள் தூக்கமாகத்தான் வரும். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் வரும் தூக்கம் ஹார்மோன் மாற்றத்தால் வருவது. அந்தப் பெண்ணைத் தூங்கவிடுவதுதான் வைத்தியம்.

அரிதான ஒன்றையும் சொல்லவேண்டும். நார்கோலெப்சி. பெரும்பாலும் பதின்வயதிலோ இருபதுகளிலோ தொடங்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தூக்கம் அடித்துப்போடும். சிலருக்கு, வாய்விட்டுச் சிரித்தால் முழங்கால் தொய்ந்து விழப்பார்ப்பார்கள். நினைவு மட்டும் தப்பாது. மூளையில் விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும் ஓரெக்சின் என்ற பொருள் 1998-ல் கண்டறியப்பட்டது. அதைச் சுரக்கும் செல்கள் அழிந்துபோவதுதான் இந்த வகை நார்கோலெப்சிக்குக் காரணம். தூங்கப்போகும்போதோ விழிக்கும்போதோ உடம்பை அசைக்க முடியாமல் போவதும் இவர்களுக்கு உண்டு. ‘பேய் அமுக்குகிறது’ என்று ஊரில் சொல்வது இதைத்தான். நோய் இல்லாதவர்களுக்கும் அது எப்போதாவது வரும் என்பதால் பயப்படத் தேவையில்லை. ஆனால், சிரிக்கும்போது கால் தொய்கிறது என்றால் மந்திரிக்கப் போகாமல் நரம்பியல் மருத்துவரிடம் போகவேண்டும். குணமாக்க முடியாவிட்டாலும் கட்டுப்படுத்த மருந்துகள் உண்டு.

வீட்டிலேயே தொடங்கவேண்டியவை

* எழும் நேரத்தை நிலையாக வைப்பது முதல் வேலை. ஞாயிற்றுக்கிழமையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாண்ட வேண்டாம். படுக்கும் நேரம் தானாகச் சீராகும்.
* காலையில் அரை மணி நேரமாவது வெளிச்சத்தில் இருக்கவேண்டும். கோலம் போடும் நேரமோ, பால் வாங்கப் போகும் நடையோ போதும்.
* குடித்த காஃபினில் பாதி உடலைவிட்டு நீங்கவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மதியம் 2, 3 மணியோடு காபி, டீயை நிறுத்திக்கொள்வது நல்லது.
* பகல் தூக்கம் வேண்டுமென்றால் 20 நிமிடம், 3 மணிக்கு முன்பாக. ஒரு மணி நேரம் தாண்டினால் எழும்போது தலை கனக்கும். இரவுத் தூக்கமும் கெடும்.
* நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டு வருபவரின் பகல் தூக்கத்தை இரவுத் தூக்கமாகவே வீடு மதிக்கவேண்டும். அறையை இருட்டாக்கி, காலிங் பெல்லையும் மிக்ஸியையும் கொஞ்சம் அடக்கிவைப்பது அவருக்குச் செய்யும் பெரிய உதவி.

இரண்டு, மூன்று வாரம் ஒழுங்காக 7, 8 மணி நேரம் தூங்கிய பிறகும் பகலில் கண் சொக்கினால், காரணம் வேறெங்கோ இருக்கிறது என்று பொருள்.

வண்டி ஓட்டுபவர்களுக்கு

1997-ல் ஆஸ்திரேலியாவில் வெளியான ஆய்வு ஒன்று, 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவிகிதம் மது உள்ளவரின் நிலைக்குச் சமம் என்று காட்டியது. இந்தியாவில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் அளவு 100 மி.லி ரத்தத்தில் 30 மி.கி, அதாவது 0.03 சதவிகிதம். காலை 5 மணிக்கு எழுந்து, நாள் முழுக்கக் கல்யாண வேலை பார்த்துவிட்டு, இரவு 10 மணிக்கு ஸ்டியரிங்கைப் பிடிப்பவர் ஒரு சொட்டும் குடிக்காமலே அந்த எல்லையைத் தாண்டியிருக்கிறார். அவரைப் பிடிக்க எந்தக் கருவியும் கிடையாது.

கண்ணாடியை இறக்குவதும், பாட்டை அலறவிடுவதும் தூக்கத்தை விரட்டாது. கடைசியாகக் கடந்த ஊர் எது என்று நினைவில்லை, வண்டி கோட்டைத் தாண்டி ஒதுங்குகிறது, கொட்டாவி ஓயவில்லை என்றால் வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தவேண்டும். ஒரு டீ குடித்துவிட்டு 20 நிமிடம் தூங்கலாம். டீயின் வேலை தொடங்கும் நேரமும், எழும் நேரமும் சரியாகப் பொருந்தும். அதிகாலை 2 முதல் 6 மணிவரை முடிந்தவரை ஓட்டாமல் இருப்பது இன்னும் நல்லது. பக்கத்து சீட்டில் இருப்பவர் தூங்காமல் பேச்சுக் கொடுப்பது, ஓட்டுபவருக்கு மட்டுமல்ல, பின் சீட்டில் தூங்கும் பிள்ளைகளுக்கும் காவல்.

டாக்டரிடம் போகும்போது

எப்வொர்த் மதிப்பெண் 10-ஐத் தாண்டியிருந்தாலோ, தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருந்தாலோ, வண்டி ஓட்டும்போது ஒருமுறையாவது கண் அயர்ந்திருந்தாலோ தள்ளிப்போட வேண்டாம். முதலில் வழக்கமாகப் பார்க்கும் பொது மருத்துவரிடமே போகலாம். தேவைப்பட்டால் அவர் நுரையீரல், நரம்பியல் அல்லது காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்புவார்.

போகும்போது நான்கு விஷயங்களைக் கையோடு கொண்டுபோவது நல்லது. இரண்டு வாரத்துக்குப் படுத்த நேரம், எழுந்த நேரம் குறித்த ஒரு தாள். சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள். குறட்டை விடும்போது செல்போனில் எடுத்த இரண்டு நிமிட வீடியோ. நான்காவதுதான் முக்கியமானது: அதே அறையில் தூங்குபவர். தூங்குபவருக்குத் தன் தூக்கத்தைப் பற்றித் தெரியாது. பக்கத்தில் விழித்துக் கிடப்பவருக்குத்தான் தெரியும்.